விதிப்புத்தகத்தில் ஒளிந்திருக்கும் வயது

முதியவர்களின் மனநலம் என்று ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே பிள்ளைகளின் பக்கம் போய்விடும். அடிக்கடி போன் பண்ணுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்து கேட்டு வந்தவரை, 'வீட்டில் இன்னும் கொஞ்சம் அன்பாக நடந்துகொள்ளச் சொல்கிறோம், போய் வாருங்கள்' என்று எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்புவதில்லை. மனச்சோர்வுக்கு மட்டும் அந்த மருந்தே போதும் என்று எப்படியோ நமக்குத் தோன்றிவிட்டது.

இங்கே அன்பைப் பற்றி எழுதப்போவதில்லை. காப்பீட்டு விதிகள், பட்ஜெட் ஒதுக்கீடு, யார் சிகிச்சை தந்தால் பணம் கிடைக்கும், எந்தக் கூரையின் கீழ் தந்தால் கிடைக்காது என்பது மாதிரியான, கொட்டாவி வரவைக்கும் சமாச்சாரங்கள்தான். வெவ்வேறு நாடுகளின் சுகாதாரக் கொள்கைகளைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. (நண்பர்கள் இதைப் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொள்வதில்லை.) முதியவர்களுக்கு மனநல சிகிச்சை கிடையாது என்று எந்த அரசும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. வேறு எதையோ எழுதி வைக்கிறார்கள். அது போகிற போக்கில் முதியவர்களை வெளியே தள்ளிவிடுகிறது.

உதாரணத்துக்கு, ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 3.4-ஐ எடுத்துக்கொள்ளலாம். தொற்றா நோய்களால் நேரும் அகால மரணங்களை 2030-க்குள் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், மனநலத்தை மேம்படுத்த வேண்டும் என்கிறது அது. எது அகால மரணம்? 30 வயதுக்கும் 70 வயதுக்கும் நடுவே நேர்வது. அதற்கு மேல் போனால் அது காலத்தோடு வந்த சாவு. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அதே இலக்கின் கீழ் தற்கொலை விகிதத்தை எல்லா வயதினருக்கும் சேர்த்துத்தான் அளக்கிறார்கள். புள்ளியியல்காரர்களும் எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். சரி, ஆனால் தன்னுடைய தேர்ச்சி அறிக்கையின் முக்கியமான வரி 70 வயதில் முடிகிறது என்று தெரிந்த ஒரு சுகாதாரத் துறை அதிகாரி, கையில் இருக்கும் பணத்தை எந்த வயதுக்காரர்கள் மேல் செலவழிப்பார்?

அந்தப் பணமும் கொஞ்சம்தான். அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடுவதில் மனநலத்துக்குப் போவது 2 சதவீதத்தை ஒட்டித்தான் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. குழந்தைகள், இளைஞர்கள், முதியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். இந்தப் பக்கம் 2030-இல் உலகில் ஆறில் ஒருவர் 60 வயதைத் தொட்டிருப்பார் என்கிறது அதே நிறுவனம். 2050-இல் 80 வயதைக் கடந்தவர்கள் மட்டும் 42 கோடிக்கு மேல் இருப்பார்கள். முதியவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. மனச்சோர்வும் பதற்றமும்தான் முன்வரிசையில்.

பணம் கொஞ்சமாக இருக்கும் இடத்தில் யாருக்கு முதலில் என்ற கேள்வி வந்துவிடும். இங்கிலாந்தில் அது வந்த விதம் சுவாரசியமானது. 2006-இல் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் லேயார்டும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வாதத்தை முன்வைத்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கு அரசு செலவில் பேச்சு சிகிச்சை (மனம்விட்டுப் பேச வைத்துக் குணப்படுத்தும் உளவியல் சிகிச்சை) கொடுங்கள், குணமானவர்கள் வேலைக்குத் திரும்புவார்கள், உதவித்தொகை மிச்சமாகும், வரி வரும், திட்டம் தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனமான வாதம். கருவூலத்துக்குப் புரிகிற மொழியில் மனநலத்தைப் பேசியது. 2008-இல் நாடு தழுவிய திட்டமாகவே வந்துவிட்டது. உலகில் வேறெங்கும் இந்த அளவில் பேச்சு சிகிச்சையை ஓர் அரசு கையில் எடுத்ததில்லை என்று சொல்லலாம்.

வேலைக்குத் திரும்புவதுதான் லாபம் என்றால், ஓய்வுபெற்றவர் குணமாவதில் என்ன லாபம்? யாரும் வாய்விட்டு அப்படிக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, வேலை செய்யும் வயதினரை மனதில் வைத்துத்தான் திட்டம் வரையப்பட்டிருந்தது. பிற்பாடு எல்லா வயதினருக்கும் என்று விரித்தார்கள். ஆனாலும் இன்றுவரை அந்தச் சேவைக்கு வருபவர்களில் 65 வயதைத் தாண்டியவர்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிகக் குறைவு. இதில் வேடிக்கை என்னவென்றால், வந்துசேரும் முதியவர்கள் இளையவர்களைவிட நன்றாகக் குணமாகிறார்கள். பாதியில் விட்டுவிட்டுப் போவதும் அவர்களிடம் குறைவு. இந்த வயதில் பேசி என்ன மாறப்போகிறது என்று நினைத்துப் பரிந்துரைக் கடிதம் எழுதாமல் விடும் மருத்துவர்களுக்கு யாராவது இந்தப் புள்ளிவிவரத்தை அச்சடித்து மேசையில் ஒட்டலாம்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1965-இல் சட்டமானது. புறநோயாளியாக மருத்துவரைப் பார்த்தால் கட்டணத்தில் 20 சதவீதம் நோயாளி தர வேண்டும். மனநல சிகிச்சை என்றால் 50 சதவீதம். நெஞ்சு வலிக்கு ஒரு விலை, நெஞ்சுக்குள் இருக்கும் துக்கத்துக்கு இன்னொரு விலை. 2008-இல் தான் இதை மாற்றச் சட்டம் வந்தது. அதுவும் படிப்படியாகக் குறைந்து 2014-இல் தான் இரண்டும் சமமாயின. அப்புறம் 190 நாள் விதி. தனி மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்க மெடிகேர் ஒருவரின் ஆயுள் முழுமைக்கும் சேர்த்து 190 நாளுக்குத்தான் பணம் தரும். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ அப்படி ஓர் ஆயுள்கால உச்சவரம்பு கிடையாது. இளவயதிலிருந்தே மனச்சிதைவு நோயோடு வாழ்ந்து, நோயால் வேலை செய்ய இயலாதவர் என்ற பேரில் 65 வயதுக்கு முன்பே மெடிகேருக்குள் வந்த ஒருவர், 70 வயதை எட்டுவதற்குள் அந்த 190 நாளையும் தீர்த்திருக்கக்கூடும்.

மனநல ஆலோசகர்களும் குடும்பநல சிகிச்சையாளர்களும் மெடிகேரில் நேரடியாகக் கட்டணம் பெறலாம் என்று ஆனது 2024 ஜனவரியில். கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள். அதுவரை 64 வயதில் ஓர் ஆலோசகரிடம் நல்ல பழக்கத்தோடு சிகிச்சை பெற்றுவந்தவர், 65-ஆவது பிறந்தநாளோடு அவரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேட வேண்டியிருந்திருக்கும், இல்லையென்றால் கைக்காசு.

ஆஸ்திரேலியாவின் விதி இதைவிட நுணுக்கமானது. 2006 முதல் குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்தால் உளவியலாளரிடம் அரசு மானியத்தோடு சிகிச்சை பெறலாம். நல்ல திட்டம். ஆனால் முதியோர் இல்லத்தில் வசிப்பவர்கள் அதில் சேர முடியாமல் இருந்தது. ஏனென்றால் அந்த இல்லங்களுக்கு அரசு ஏற்கனவே பணம் தருகிறது, ஆகவே எல்லாவற்றையும் இல்லமே பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. இல்லங்களோ ஆள்பலம் இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தன. சொந்த வீட்டில் இருக்கும்வரை மனச்சோர்வுக்கு மானியம் உண்டு. வீட்டையும் பழகிய தெருவையும் விட்டுவிட்டு வந்து, மனச்சோர்வுக்கு வாய்ப்பு மிக அதிகமாகும் நேரத்தில் மானியம் நின்றுவிடும். 2018 பட்ஜெட்டில் இல்லவாசிகளுக்கென்று தனியாக நிதி ஒதுக்கினார்கள். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வரும். பெரியம்மா போன பிறகு அவர் மருத்துவரிடம் போய்க்கொண்டே இருந்தார்.

"டாக்டர் என்ன கேட்டார் பெரியப்பா?"

"எங்க வலிக்குதுன்னு கேட்டார். நெஞ்சுல பாரமா இருக்குன்னேன். படம் எடுத்தாங்க. இருதயம் நல்லா இருக்காம்."

"வேற எதுவும் கேட்கலையா?"

"வேற என்னப்பா கேப்பாங்க?"

தூக்கம் வரவில்லை என்று சொன்னதற்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வகை மாத்திரைகள் முதியவர்களைத் தள்ளாட வைக்கும், விழுந்து எலும்பு முறியும் ஆபத்தைக் கூட்டும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று 1991-இலிருந்து பீர்ஸ் பட்டியல் என ஒன்று இருக்கிறது. அதில் இவையும் உண்டு. மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருக்க, மாத்திரை எழுத ஒரு நிமிடம், மனசைக் கேட்க அரை மணி. எந்தச் சம்பள முறையும் அந்த அரை மணிக்குப் பணம் வைத்திருக்கவில்லை.

முதுமையில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்பட வேண்டும் என்பதில்லை. வலியாக வரும், அசதியாக வரும், மறதியாகக்கூட வரும். மறதிநோய் என்று வீட்டார் பயந்து கூட்டி வந்தவருக்கு இருப்பது மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டு குறைபாடாகவும் இருக்கலாம். தூக்கம், பசி, அசதி என்று கேட்கும் வழக்கமான வினாப்பட்டியல்கள் இங்கே தடுமாறும், ஏனென்றால் அந்த வயதில் இவை மூன்றும் வேறு பல காரணங்களாலும் கெடும். இது தெரிந்துதான் 1980-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க மனநல ஆய்வாளர் ஜெரோம் யெசவேஜும் சகாக்களும் முதியோருக்கென்றே ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார்கள். உடல் உபாதைகளை ஒதுக்கிவிட்டு, ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படியான கேள்விகள். அதன் 15 கேள்விச் சுருக்கத்தைச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். பயன்படுத்தக் கட்டணமும் இல்லை. கருவி கையில் இருந்து நாற்பது ஆண்டுகளாயிற்று.

கேட்டுவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. கண்டுபிடித்துவிட்டு 'மனநல மருத்துவரைப் பாருங்கள்' என்று சீட்டு கொடுத்தால் பெரும்பாலான முதியவர்கள் அந்தச் சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வார்கள். தூரம், செலவு, கூட்டிப்போக ஆள், எல்லாவற்றுக்கும் மேலாக வெட்கம். இதற்கு நல்ல விடை ஒன்று 2002-இலேயே கிடைத்துவிட்டது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த ஆண்டு இம்பாக்ட் என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் அமெரிக்காவில் வெளிவந்தன. 60 வயதைத் தாண்டிய 1,801 பேர், 18 சாதாரண மருத்துவ நிலையங்கள். செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஏற்கனவே போய்வரும் அதே மருத்துவரின் இடத்தில், மனச்சோர்வைக் கவனிக்கவென்று பயிற்சி பெற்ற ஒரு செவிலியரையோ உளவியலாளரையோ உட்கார வைத்தார்கள். அவர் நோயாளியோடு பேசுவார், பிரச்சினைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கப் பழக்கும் குறுகிய சிகிச்சையைத் தருவார் அல்லது மருந்தைத் தொடரச் செய்வார். போன் பண்ணி மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்பார். வாரம் ஒருமுறை ஒரு மனநல மருத்துவரோடு உட்கார்ந்து யாருக்கு முன்னேற்றம் இல்லை, என்ன மாற்றலாம் என்று பார்ப்பார். ஓர் ஆண்டு முடிவில் இந்தக் கவனிப்பு கிடைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 19 சதவீதம்.

இவ்வளவு தெளிவான முடிவு. அடுத்த ஆண்டே எல்லா இடத்திலும் வந்திருக்க வேண்டும்தானே? வரவில்லை. செவிலியரின் போன் அழைப்புக்குப் பில் போட முடியாது. நோயாளி எதிரில் இல்லாமல் இரண்டு பேர் உட்கார்ந்து அவரைப் பற்றி யோசிப்பதற்கும் பில் போட முடியாது. சிகிச்சையின் உயிரே அந்த இரண்டில்தான் இருந்தது. ஆய்வு நிதி தீர்ந்ததும் பல இடங்களில் கடையைக் கட்டிவிட்டார்கள். இந்தக் கூட்டுச் சிகிச்சைக்கென்று மெடிகேர் தனிக் கட்டணக் குறியீடுகளைக் கொண்டுவந்தது 2017-இல். விழிப்புணர்வுப் பேரணிகள் எத்தனையோ நடந்திருக்கும் அந்த இடைவெளியில். தேவைப்பட்டது கட்டணப் பட்டியலில் சில வரிகள்.

பணக்கார நாடுகளின் கதையாகவே சொல்லிக்கொண்டு போகிறேனே என்று தோன்றலாம். முதியோருக்கான மனநல மருத்துவர்கள் அங்கேயே போதவில்லை. மற்ற இடங்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே 'யார் செய்வது' என்ற கேள்விக்குப் புதிய பதில்கள் வந்ததும் மற்ற இடங்களிலிருந்துதான். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய நட்பு பெஞ்ச் திட்டத்தில், சுகாதார நிலையத்துக்கு வெளியே மரபெஞ்சில் உட்கார்ந்து ஆலோசனை தருபவர்கள் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள். 2016-இல் வெளியான ஆய்வு அது நன்றாகப் பலன் தருவதைக் காட்டியது. கோவாவில் 60 வயதைத் தாண்டிய, லேசான அறிகுறிகள் மட்டும் உள்ள 181 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மருத்துவப் படிப்பு இல்லாத ஆலோசகர்கள் தந்த பயிற்சியால், ஓர் ஆண்டுக்குள் முழு மனச்சோர்வுக்குப் போனவர்கள் ஏறத்தாழ 4 சதவீதம். அந்தப் பயிற்சி கிடைக்காதவர்களில் 14 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனால் வந்தபின் பார்ப்போம் என்று இல்லாமல் வருமுன் தடுக்கலாம் என்று காட்டியது.

இங்கே ஒரு கவலை உண்டு எனக்கு. சாதாரண மக்களே சிகிச்சை தரலாம் என்று நிரூபணமானதும் அரசுகளுக்கு முதலில் தோன்றுவது, அப்படியானால் சம்பளம் வேண்டாம், தொண்டர்கள் போதும் என்பது. கூட்டமாக ஆள்சேர்த்து, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழோடு போட்டோ எடுத்து அனுப்பிவிடுவது. மேலே சொன்ன இரண்டு இடங்களிலும் பலன் தந்தது முறையான பயிற்சியும் விடாத மேற்பார்வையும் சேர்ந்துதான். அந்தப் பாதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் நகலெடுத்தால் தோல்விதான் வரும், பழி பாட்டிமார்கள் மேல் விழும்.

முதியோர் இல்லங்களில் வேறொரு பிரச்சினை. அங்கே மருந்து கிடைக்காமல் போவதில்லை, வேண்டாத மருந்து கிடைக்கிறது. மறதிநோய் உள்ளவர் இரவில் கத்தினால், வெளியே போக முயன்றால், அடக்கி வைக்க மனநோய் மருந்துகளைக் கொடுப்பது நீண்டகாலப் பழக்கம். இவை மறதிநோயுள்ள முதியவர்களில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை வெளியிட்டது. 2009-இல் இங்கிலாந்து அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் பேராசிரியர் சுபே பானர்ஜி அளித்த அறிக்கை, நாட்டில் 1,80,000 மறதிநோயாளிகளுக்கு இவை தரப்படுவதாகவும், ஆண்டுக்கு 1,800 கூடுதல் மரணங்கள் நேர்வதாகவும் மதிப்பிட்டது. அதிர்ச்சியான எண். அரசு இலக்கு வைத்தது, கணக்கெடுத்தது, அடுத்த சில ஆண்டுகளில் பயன்பாடு ஏறத்தாழ பாதியாக இறங்கியது.

அமெரிக்காவிலும் ஒவ்வொரு இல்லமும் எவ்வளவு மருந்து தருகிறது என்று பொதுவெளியில் போட ஆரம்பித்தார்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அந்த மருந்து அவசியம் என்பதால் அவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என்ன ஆயிற்று தெரியுமா? சில இல்லங்களில் திடீரென்று மனச்சிதைவு நோயாளிகள் பெருகிவிட்டார்கள், அதுவும் அந்த நோய் பெரும்பாலும் இளவயதில் தொடங்குவது என்றிருக்க, எண்பது வயதில். 2023-இல் இதைத் தணிக்கை செய்யப்போவதாக அரசு அறிவித்தது. அளவுகோல் வைத்தால் அதை ஏமாற்றும் வழியும் கூடவே பிறக்கும். அதற்காக அளக்காமல் இருக்க முடியாது, அளப்பவரையும் அளக்க ஆள் போட வேண்டும்.

சுகாதாரத் துறையைத் தாண்டியும் பார்க்க வேண்டும். தென்கொரியாவில் முதியோர் தற்கொலை விகிதம் வளர்ந்த நாடுகளிலேயே மிக அதிகம். அங்கே 2011-12-இல் மிகக் கொடிய களைக்கொல்லி ஒன்றை விற்பனையிலிருந்தே நீக்கினார்கள். அதன்பின் கிராமப்புறத்திலும் முதியவர்களிடமும் பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகள் பெரிதும் குறைந்தன. ஓர் ஆலோசகர்கூட நியமிக்கப்படாமல், வேளாண் துறையின் ஓர் உத்தரவால். ஓய்வூதியம், காது கேட்கும் கருவி, பேருந்தில் ஏறத் தோதான படிக்கட்டு எல்லாமே இந்த வரிசையில் வரும். காது கேட்காதவருக்குப் பேச்சு சிகிச்சை எப்படித் தருவது? அரசே நேரடியாக நடத்தும் மூல மெடிகேர் காது கருவிக்கு இன்றும் பணம் தருவதில்லை என்பதை இங்கே நினைவுபடுத்திவிட்டு நகர்கிறேன்.

கவனித்துக்கொள்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 கணக்கில் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு மறதிநோய். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் தூக்கம் கெட்ட ஒரு மகளோ, மனைவியோ, கணவரோ. அந்தத் துணைவருக்கும் பெரும்பாலும் எழுபது வயது ஆகியிருக்கும். இங்கிலாந்தில் இவர்களுக்கென எட்டு அமர்வுகள் கொண்ட ஒரு பயிற்சியை, உளவியல் பட்டதாரிகளை வைத்தே நடத்திப் பார்த்து, மனச்சோர்வு குறைவதை 2013-இல் காட்டினார்கள். ஆனால் நோயாளியின் பெயரில் கோப்பு திறக்கிறார்களே தவிர கவனிப்பவரின் பெயரில் யாரும் திறப்பதில்லை.

நிதித் துறையோடு பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் கேட்பது ஒன்றுதான்: செலவுக்கு வரவு என்ன? இம்பாக்ட் ஆய்வில் இருந்தவர்கள் சிலரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தபோது, கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களின் மொத்த மருத்துவச் செலவு மற்றவர்களைவிட ஆளுக்குச் சராசரியாக 3,300 டாலருக்கு மேல் குறைவாக இருந்தது. மனம் தேறியவர் இருதயத்துக்குப் படம் எடுக்க அடிக்கடி வருவதில்லை. எனக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பிடிக்காது. லாபம் வந்தால்தான் சிகிச்சை என்ற கணக்குதான் இங்கிலாந்தில் ஓய்வுபெற்றவர்களை முதலில் வெளியே நிறுத்தியது. நாளைக்கே வேறொரு ஆய்வு செலவு கூடுவதாகச் சொன்னால் என்ன பண்ணுவோம்? இருந்தாலும் ஒரு நிதிச் செயலரைப் பார்க்கப் போகிற யாராவது என்னிடம் எந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டால், இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.